எல்இடி எரியலைன்னா என்ன பண்றது? – கடிதம்

அண்ணா வணக்கம்,

ஓசூர் பக்கம் வண்டிக்கான எலெக்ட்ரானிக்ஸ் பண்ற ஒரு கம்பெனில எம்பெடட் சி-ல (கருவிக்குள்ள இருக்குற சின்ன சிப்புக்கு சி மொழில எழுதுறது) வேலை பாக்குறேன். கொஞ்ச வருஷமா சொந்த ஆர்வத்துல ரஸ்ட்ங்கிற புரோகிராமிங் மொழியைக் கத்துக்கிட்டு சின்னச் சின்ன போர்டுல ஓட்டிப் பாக்குறேன். சனிக்கிழமைல பாலிடெக்னிக் பசங்க சில பேருக்கு ஆர்டுயினோ சொல்லித் தர்றேன், அவங்களை மனசுல வச்சு எம்பெடட் ரஸ்ட்டை தமிழ்ல ஒரு தொடரா எழுதலாம்னு ஆசை. வேரியபிள்ல ஆரம்பிச்சு ஆர்டிஓஎஸ் (சின்ன சிப்புக்கான ஆபரேட்டிங் சிஸ்டம்) வரைக்கும் நாப்பது பாடம் பிளான் போட்டிருக்கேன். எந்த போர்டை வச்சு எழுதுறது? எழுத்தா வீடியோவா? இங்கிலீஷ்ல இலவசமா இருக்குற புத்தகங்களை மொழிபெயர்த்தாலே போதுமா? கூட வேலை பாக்குறவங்க "ரஸ்ட்டுக்கு இங்க வேலையே இல்ல, யாருக்கு எழுதப் போற"ன்னு கேக்குறாங்க. உங்க கருத்தைச் சொல்லுங்கண்ணா.

ஓசூரிலிருந்து ஒரு வாசகர்

வணக்கம் தம்பி,

முதல்ல அந்த நாப்பது பாடத்தை ஓரமா வச்சிடுங்க. வேரியபிள்ல ஆரம்பிக்கிற தொடர் பெரும்பாலும் ஏழாவது எட்டாவது பாடத்துலயே நின்னுடும், படிக்கிற பையனும் போர்டைத் தொடுறதுக்கு முன்னாடியே ஓடிடுவான். உங்க பசங்களுக்கு ஆர்டுயினோ தெரியும், சி கொஞ்சம் தெரியும், அப்ப ஃபார் லூப் என்னன்னு திரும்ப சொல்ல வேண்டியதில்ல. ரஸ்ட் அடிப்படையை மட்டும் லேப்டாப்ல வச்சே முடிச்சிடுங்க, அதுலயும் முழு ரஸ்ட்டும் தேவைப்படாது. மைக்ரோகன்ட்ரோலர்ல பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் லைப்ரரி கிடையாது, அதோட அடிப்படைப் பகுதியான கோர் மட்டும்தான், ஹீப்பை (ஓடும்போது கேட்டு வாங்குற மெமரி) நாமளா வைக்காத வரைக்கும் வெக், ஸ்ட்ரிங் வராது, ஸ்டாண்டர்ட் லைப்ரரி த்ரெட் ஹீப் வச்சாலும் வராது, அதனால சாதாரண ரஸ்ட் கோர்ஸ்ல பாதி பாடம் இங்க தள்ளிப் போடலாம். ஆனா ட்ரெய்ட் (ஒரு டைப் என்னென்ன செய்யணும்ங்கிற ஒப்பந்தம்), ஜெனரிக் (பல டைப்புக்கும் பொதுவா எழுதுறது) ரெண்டையும் தள்ளிப் போட முடியாது, ஏன்னா ஹால் கிரேட்டுங்கள்ல (சிப்போட ஹார்டுவேரைத் தொடுறதுக்கான ரஸ்ட் லைப்ரரிங்க) ஒரு பின்னோட டைப்பே அரை வரிக்கு நீளும், அதுல ஒரு எரர் வந்தா ஸ்க்ரீன் முழுக்க கோண அடைப்பா நிக்கும், அதைப் பார்த்து பயப்படாம படிக்கத் தெரியணும்.

நான் உங்ககிட்ட சொல்ல நினைக்கிறது முக்கியமா ஒண்ணுதான். எல்லாம் சரியா நடந்தா என்ன ஆகும்னு எழுதின பாடம் உலகத்துல ஏராளமா இருக்கு, எதுவும் நடக்கலைன்னா என்ன பண்றதுன்னு எழுதினது ரொம்பக் கம்மி. நீங்க அதை எழுதுங்க.

போர்டு விஷயத்துலயே பாருங்க. ராஸ்பெர்ரி பை பைக்கோ 2021 ஜனவரில நாலு டாலருக்கு வந்துச்சு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயும் சுலபமா கிடைக்குது, எல்லாரும் அதை வச்சுத்தான் எல்இடி சிமிட்டுற பாடம் எழுதுறாங்க. பைக்கோல எல்இடி ஜிபிஐஓ 25-ங்கிற பின்ல இருக்கு. பையன் கடைக்குப் போறான், கடைக்காரர் "வைஃபையும் இருக்கு தம்பி, இதை எடுத்துக்க"ன்னு பைக்கோ டபிள்யூ-வைக் கையில குடுக்குறாரு. அதுல எல்இடி வைஃபை சிப்போட கால்ல தொங்குது, அதை எரிய வைக்கணும்னா முதல்ல வைஃபை சிப்புக்கு ஃபர்ம்வேர் ஏத்தணும். பையன் உங்க கோடை அப்படியே காப்பி பண்றான், கம்பைல் ஆகுது, ஃப்ளாஷ் ஆகுது, எரரே இல்ல, எல்இடி மட்டும் எரியல. இவன் என்ன நினைப்பான்? நமக்கு ரஸ்ட் வராதுன்னு நினைப்பான். பைக்கோ 2 வாங்கினவனுக்கு வேற கதை, அதுல இருக்குறது 2024-ல வந்த ஆர்பி2350 சிப், கம்பைல் பண்ற டார்கெட்டே வேற. போர்டு பேரை மட்டும் போட்டா பத்தாது, எது வாங்கக் கூடாதுன்னும் முதல் பக்கத்துலயே போட்டோவோட போடுங்க.

மைக்ரோபிட் வி2 பாடம் நடத்த ரொம்ப நல்ல போர்டு, இல்லன்னு சொல்லல. டீபக்கர் (ஓடுற ப்ரோக்ராமை லேப்டாப்ல இருந்து எட்டிப் பாக்குற கருவி) உள்ளேயே இருக்கு, 25 எல்இடி, ஆக்சிலரோமீட்டர், மைக், ஸ்பீக்கர் எல்லாம் இருக்கு, ஒரு வயர் கூட வேண்டாம். ரஸ்ட் எம்பெடட் குழு எழுதின டிஸ்கவரி புத்தகம் முதல்ல எஸ்டிஎம்32எஃப்3 டிஸ்கவரி போர்டை வச்சு இருந்துச்சு, அந்த போர்டோட பின்னாடி வந்த ரிவிஷன்ல காம்பஸ் சென்சார் சிப்பே மாறிடுச்சு, அப்புறம் புத்தகம் மைக்ரோபிட்டுக்கு வந்துச்சு. ஆனா உங்க பசங்க பாக்கெட்டுக்கு மைக்ரோபிட் கொஞ்சம் கனம். என் ஓட்டு சாதா பைக்கோ, ஒண்ணு பத்தாது, ரெண்டு. ரெண்டாவதுல டீபக் ப்ரோப் ஃபர்ம்வேரை ஏத்திட்டா அதுவே டீபக்கர், கிளாக், டேட்டா, கிரவுண்டுன்னு மூணு வயர்ல முடிஞ்சுது. ரெண்டு வாங்க முடியாதவனுக்கு இஎஸ்பி32-சி3, அதுல யுஎஸ்பி வழியாவே ஜேடேக்ங்கிற டீபக் வசதி வருது. பழைய இஎஸ்பி32 கையில இருக்குன்னு பசங்க நிச்சயம் வருவாங்க, அதோட ப்ராசசர் எக்ஸ்டென்சா வகை, சாதா ரஸ்ட் கம்பைலர் பத்தாது, எஸ்ப்ரெஸ்ஸிஃப் தர்ற தனி டூல்செயின் போடணும். முதல் மாசத்துல அந்த வம்பு வேண்டாம்.

டீபக்கருக்கு ஏன் இவ்ளோ அடம் பிடிக்கிறேன்னா, நெட்ல கிடைக்கிற நிறைய உதாரணம் பேனிக்-ஹால்ட் கிரேட்டை வச்சுத்தான் எழுதியிருக்கும். ப்ரோக்ராம் பேனிக் ஆனா (மேல ஓட முடியாத தப்பு வந்து நின்னா) அது முடிவில்லாத லூப்ல போய் உக்காந்துக்கும், அவ்ளோதான், எங்க ஏன்னு எதுவும் சொல்லாது. திருடன் வந்துட்டுப் போனாலும் வாயே திறக்காத வாட்ச்மேன் மாதிரி. பூட் பட்டனை அழுத்தி ஃபைலை இழுத்துப் போடுற வழியில கத்துக்குறவனுக்கு மிஞ்சுறது இந்த மௌனம்தான். ப்ரோப்-ஆர்எஸ் (ஃப்ளாஷ், டீபக் பண்ற டூல்), டெஃப்எம்டி (லாக் அனுப்புறது), பேனிக்-ப்ரோப் (பேனிக்கை டெர்மினல்ல சொல்றது) மூணையும் முதல் பாடத்துலயே நீங்களே செட் பண்ணி டெம்ப்ளேட்டா குடுத்திடுங்க. எல்இடி ரெண்டாவது பாடம். முதல் பாடம் என்னன்னா, வேணும்னே ஒரு பேனிக் பண்ணி, எந்த ஃபைல் எந்த வரின்னு டெர்மினல்ல வர்றதைப் பாக்குறது.

அப்புறம் வேணும்னே உடைக்கிறதுக்கு நிறைய இடம் இருக்கு. சிப்போட ஹார்டுவேரைக் கையில வாங்குற பெரிஃபெரல்ஸ் டேக்கை முதல் தடவை கூப்பிட்டா சம் (இருக்கு) வரும், ரெண்டாவது தடவை நன் (இல்ல), அதை அன்ராப் பண்ணா பேனிக். இதை தியரியா சொன்னா தூங்கிடுவாங்க, ரெண்டு தடவை கூப்பிட வச்சுக் காட்டுங்க. அதே மாதிரி ஒரு பின்னை யுஏஆர்டிக்கு (சீரியல் போர்ட்) குடுத்துட்டு அதே பின்ல எல்இடி எரிய வைக்கச் சொல்லுங்க, மூவ் ஆயிடுச்சுன்னு கம்பைலர் நிறுத்திடும். சி-ல அது சத்தமில்லாம கம்பைல் ஆகி ராத்திரி முழுக்க ஆசிலோஸ்கோப்பைப் பார்த்துக்கிட்டு உக்கார வைக்கும், நீங்க வேலை பாக்குற இடத்துல அந்த மாதிரி ராத்திரி நிறைய பார்த்திருப்பீங்க. ஓனர்ஷிப்னா என்னன்னு பசங்களுக்கு அந்த இடத்துலதான் உறைக்கும்.

கொஞ்சம் கஷ்டமான இடம் இன்டரப்ட், அதாவது ஓடுற வேலையை நிறுத்திட்டு ஹார்டுவேர் குறுக்க வர்றது. சி-ல ஒரு வோலடைல் ஃப்ளாக் போட்டா முடிஞ்சுது, இங்க ம்யூடெக்ஸ் உள்ள ரெஃப்செல் உள்ள ஆப்ஷன்னு மூணு சுத்து வருது, பையன் "எதுக்கு சார் இவ்ளோ"ன்னு கேப்பான், கேக்கணும். ஆப்ஷன் எதுக்குன்னா, ஸ்டாடிக் உருவாகும்போது அந்த பின் இன்னும் கையில வரல, காலியாத்தான் ஆரம்பிக்க முடியும். ரெஃப்செல் எதுக்குன்னா, ஸ்டாடிக்கை வெளில இருந்து மாத்த முடியாது, உள்ளுக்குள்ள மாத்த ஒரு வழி வேணும். ம்யூடெக்ஸ் எதுக்குன்னா, மெயின் லூப் தொட்டுக்கிட்டு இருக்கும்போது இன்டரப்ட் உள்ள வந்துடக் கூடாது. பைக்கோல இருக்குற ஆர்பி2040 சிப்ல இன்டரப்ட்டை மட்டும் நிறுத்தினாலும் பத்தாது, ரெண்டு கோர் இருக்கு, அதனால ஹார்டுவேர் ஸ்பின்லாக்கையும் பிடிக்க வேண்டியிருக்கு. "அட்டாமிக் வச்சா போச்சு"ன்னு ஒரு கெட்டிக்காரப் பையன் சொல்லுவான், ஃபெட்ச்-ஆட் எழுதுவான், அந்த மெத்தடே இல்லன்னு எரர் வரும். அந்த சிப்போட ப்ராசசரான கார்டெக்ஸ் எம்0+ ல அட்டாமிக் லோடும் ஸ்டோரும் மட்டும்தான், படிச்சு மாத்தி எழுதுறதை ஒரே மூச்சுல பண்ற இன்ஸ்ட்ரக்ஷன் கிடையாது, போர்ட்டபிள்-அட்டாமிக் கிரேட்டுக்குப் போகணும். இந்த மாதிரி ஒரு எரருக்கு தமிழ்ல ரெண்டு பாரா விளக்கம் கிடைச்சா, அதைத் தேடி வர்றவன் உங்க மத்த பாடத்தையும் படிப்பான்.

எம்பசிங்கிற அசிங்க் ஃப்ரேம்வொர்க் பக்கம் போறது நல்லதுதான், ரஸ்ட் 1.75 வந்து ட்ரெய்ட்ல அசிங்க் ஃபங்ஷன் ஸ்டேபிள் ஆனதுக்கு அப்புறம் நைட்லி கம்பைலர் தொல்லையும் போயிடுச்சு, வைஃபை வேணும்னா பசங்க அங்கதான் போய் நிப்பாங்க. ஆனா ஒரே ஒரு தடவையாவது இன்டரப்ட்டைக் கையால எழுதிட்டுப் போகட்டும்.

வெர்ஷன் சமாச்சாரத்துக்கு வர்றேன், தொடரைக் கொல்றது இதுதான். ரஸ்ட் மொழி 2015-ல 1.0 வந்ததுல இருந்து பழைய கோடை உடைக்காமப் பார்த்துக்குது, மேல இருக்குற கிரேட்டுங்க அப்படி இல்ல. டிரைவருக்கும் ஹாலுக்கும் பொதுவான ட்ரெய்ட்டுங்க இருக்குற எம்பெடட்-ஹால் கிரேட் ரொம்ப வருஷம் 0.2-லயே இருந்துட்டு 2024 ஜனவரில 1.0 ஆச்சு, ட்ரெய்ட்டுங்க மாறிச்சு, டைமர், ஏடிசி ட்ரெய்ட்டுங்களை எடுத்துட்டாங்க. சென்சார் டிரைவர் 0.2-ஐக் கேக்கும், ஹால் 1.0 மட்டும் குடுக்கும், ரெண்டுலயும் ட்ரெய்ட் பேர் ஒண்ணா இருக்கும், ஆனா ட்ரெய்ட் பொருந்தலன்னு எரர் வரும். கண்ணுக்கு முன்னாடி இருக்குறதையே இல்லன்னு சொல்ற எரர் அது, புதுசா வர்றவன் நொந்துடுவான். அதனால ஒவ்வொரு பாடத்து மேலயும் தேதி, கம்பைலர் வெர்ஷன், கார்கோ லாக் ஃபைல் (எந்த கிரேட் எந்த வெர்ஷன்னு பூட்டி வைக்கிறது) மூணும் இருக்கணும். கோடை பாடத்துக்குள்ள டைப் பண்ணாதீங்க, தனி ப்ராஜெக்டா வச்சு எம்டிபுக்ல (பாடத்தைப் புத்தகமா ஆக்குற டூல்) இன்க்ளூட் பண்ணுங்க, வாரா வாரம் சிஐ-ல (தானா பில்டு ஓட்டிப் பாக்குற சர்வர்) ஒரு கார்கோ பில்டு ஓடட்டும், அதுக்கு போர்டு கூட வேண்டாம். பாடம் எண்ணிக்கை பன்னெண்டைத் தாண்டாம இருந்தா தனி ஆளா இதைப் பராமரிக்கலாம். நாப்பதுன்னா வேலையை விட்டுட்டு உக்காரணும்.

வீடியோ வயர் மாட்டுறதைக் காட்ட மட்டும், ரெண்டு நிமிஷம். ஒரு கிரேட் மாறினா எழுத்துல ஒரு வரியைத் திருத்தலாம், வீடியோல முடியாது.

மொழிபெயர்ப்புக்கு சட்டப்படி தடை இல்ல, அந்த ரஸ்ட் எம்பெடட் குழுவோட புத்தகங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ்ல இருக்கு, பேர் போட்டு அதே லைசென்ஸ்ல வெளியிடணும், அவ்ளோதான். ஆனா மூலம் மாற மாற நீங்க பின்னாடி ஓடணும், அதுவும் உங்க பசங்க கையில இல்லாத போர்டுக்காக. எனக்கு அதுல விருப்பம் இல்ல.

வேலை கேள்விக்கு மழுப்பாம சொல்றேன். உங்க ஏரியால இன்னிக்கு சம்பளம் குடுக்குறது சி தான், ரஸ்ட் படிச்சா நாளைக்கே வேலைன்னு பசங்ககிட்ட சொல்லாதீங்க. அதுக்காக விளையாட்டு மொழின்னும் நினைக்க வேண்டாம், ஃபெர்ரோசீன்ங்கிற ரஸ்ட் கம்பைலர் 2023-லயே ஐஎஸ்ஓ 26262 (வண்டி எலெக்ட்ரானிக்ஸ் பாதுகாப்புத் தரம்) தகுதி வாங்கிடுச்சு, வண்டிக்கு எழுதுற உங்களுக்கு அது என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

முதல் ரெண்டு பாடம் எழுதினதும் மூணு பசங்களை உக்கார வச்சு, நீங்க வாயைத் திறக்காம பின்னாடி நின்னு பாருங்க. எங்க முழிக்கிறாங்களோ அதை அப்படியே குறிச்சு அடுத்த நாள் பாடத்துல சேர்த்திடுங்க. லினக்ஸ்ல ப்ரோப்புக்கு யூடெவ் ரூல் (யுஎஸ்பி கருவியைத் தொட அனுமதி தர்றது) போடாம பர்மிஷன் டினைட்னு ஒருத்தனுக்கு வரும், டேட்டா லைனே இல்லாத சார்ஜர் கேபிளை ஒருத்தன் கொண்டு வருவான். ரெப்போ லிங்க் அனுப்புங்க, லினக்ஸ்ல நான் ஓட்டிப் பாக்குறேன். விண்டோஸ் என்கிட்ட இல்ல, அதை உங்க பசங்கதான் பாக்கணும்.