வாசகர் கேள்வி – போதகர் பதில்

கேள்வி: போதகர் ஐயா, நான் மானிப்பாயில் பிறந்து வளர்ந்து, சிறுவயது முதல் எங்கள் ஊர்ச் சபையிலேயே ஆராதித்து வருகிறேன். என் பெறாமகள் போகும் சபையில் கடவுளுடைய மகத்துவத்தை நினைத்து எல்லோரும் கண்ணீர் விடுவார்களாம், சிலர் நடுங்குவார்களாம். எனக்கு ஒருநாளும் அப்படி நேர்ந்ததில்லை. என் விசுவாசத்தில் குறை இருக்கிறதா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் பெறாமகளின் சபையில் சிந்தப்படும் கண்ணீரைச் சந்தேகிக்க எனக்கு உரிமையில்லை. ஆயினும் உங்களுக்கு ஏன் அது வரவில்லை என்று உங்களையே துருவிப் பார்த்துக்கொண்டிருப்பதில்தான் சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏனெனில் வேதாகமத்தில் தேவ மாட்சிமையைக் கண்டவர்கள் எவரும் தங்கள் உணர்ச்சியை அளந்து பார்த்ததாக நான் வாசித்ததில்லை.

ஏசாயாவின் ஆறாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 52 ஆண்டுகள் அரசாண்ட உசியா ராஜா மரித்த வருஷத்தில், உயரமும் உன்னதமுமான சிங்காசனத்தில் ஆண்டவர் வீற்றிருக்கத் தீர்க்கதரிசி காண்கிறார். ஆனால் அவர் நமக்கு விவரிப்பது ஆண்டவரின் முகத்தை அல்ல. தேவாலயம் முழுவதையும் நிறைத்த வஸ்திரத்தொங்கலை மட்டுமே. பரலோகத்தில் ஆண்டவரைச் சேவிக்கும், பாவமறியாத சேராபீன்களும் ஆறு செட்டைகளில் இரண்டினால் தங்கள் முகத்தை மூடிக்கொள்கின்றன. வாசல்களின் நிலைகள் அசைய, ஆலயம் புகையினால் நிறைய, ஏசாயா சொன்னது “ஐயோ! அதமானேன்” என்பதே. ஆராதனை மிகவும் இனிமையாக இருந்தது என்று அவர் சொல்லவில்லை!

யோபுவின் கதை உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து துன்புற்ற அவர் கேட்ட ‘ஏன்’களில் ஒன்றுக்கும் கர்த்தர் விடை சொல்லவில்லை, மாறாக, கடலைக் கதவுகளால் அடைத்தவர் யார், வரையாடு ஈனுங்காலம் உனக்குத் தெரியுமா என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். இழந்தவற்றில் ஒன்றும் இன்னும் திரும்பக் கிடைக்காத நிலையிலேயே, “இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது” என்று யோபு பணிந்தார். இந்த 38 முதல் 41 வரையான அதிகாரங்களை ஒரே அமர்வில், வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். இரவில் வல்லை வெளியில் வாகன வெளிச்சம் ஓய்ந்த வேளையில் வானத்தைப் பார்த்திருந்தால், எட்டாம் சங்கீதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைப் பாடியவர் வெறுங்கண்ணுக்குத் தெரியும் சில ஆயிரம் நட்சத்திரங்களைப் பார்த்தே மனுஷன் எம்மாத்திரம் என்று வியந்தார். நமது பால்வீதியில் மட்டும் பத்தாயிரம் கோடிக்கும் மேல் உண்டென்று அறிந்த நாமோ, ஆராதனை எத்தனை மணிக்கு முடியும் என்று பார்க்கிறோம்.

குருநகரிலும் பாசையூரிலும் கடற்றொழில் செய்பவர்களுக்குப் பேதுருவை நான் விளக்கத் தேவையில்லை. இரவு முழுவதும் வலை போட்டும் ஒன்றும் படாத இடத்தில், இரண்டு படவுகளும் அமிழத்தக்கதாக மீன் பட்டபோது, தொழில் தெரிந்த அந்த மனிதர் விலையைக் கணக்கிடாமல், “நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்” என்று இயேசுவின் முழங்காலில் விழுந்தார். ஏசாயா கண்டது கிறிஸ்துவின் மகிமையையே என்று யோவான் சுவிசேஷம் கூறுகிறது. அந்த மகிமைக்குரியவரே பின்னர் துணியை அரையில் கட்டிக்கொண்டு இதே பேதுருவின் கால்களைக் கழுவினார். இதை நினைத்து ஒரு துளி கண்ணீர் வராமலே ஒருவர் முழங்காற்படியிடலாம்.

கேள்வி: ஞாயிறு பாடசாலையில் இயேசுவை நண்பர் என்று பாடுகிறோம். இது தேவ பயத்தைக் குறைக்காதா?
– ஆசிரியர், சுன்னாகம்

பதில்: குறைக்காது. இராப்போஜனத்தில் இயேசுவின் மார்பில் சாய்ந்திருந்த சீஷனும், பத்மு தீவில் அவரைக் கண்டு செத்தவனைப்போல் பாதத்தில் விழுந்த யோவானும் ஒருவரே என்பது சபையின் பழைய மரபு. அந்தப் பாடல்களைத் தாராளமாகப் பாடுங்கள்; பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வெளிப்படுத்தின விசேஷத்தின் முதலாம் அதிகாரத்தையும் வாசித்துக் காட்டுங்கள்.