ஜேர்மனியில் ஆய்வாளருக்கு நிரந்தர வதிவிடம்: எந்த மாதத்திலிருந்து எண்ணுவது?

கேள்வி: கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாயப் பட்டம் முடித்து, ஜேர்மனியில் முதுமாணி படித்தேன். கலாநிதிப் பட்ட ஆய்வின் முதல் வருடம் புலமைப்பரிசில். பிறகு 27 மாதமாகப் பல்கலைக்கழகத்தில் 65 சதவீத வேலை ஒப்பந்தம். ஐந்து வருடம் முடியாமல் நிரந்தர வதிவிடம் கேட்க ஏலாது என்கிறார் மாமா. புளூ கார்ட் (பட்டதாரிப் பணியாளருக்கான ஐரோப்பிய ஒன்றிய வதிவிட அனுமதி) எடுத்தால் கெதியாகக் கிடைக்குமா? அடுத்த மாரிக்கு முல்லைத்தீவுக் குளங்களில் கள ஆய்வும் இருக்கிறது.

பதில்: மாமா சொல்வது பொது விதி. தகைமை பெற்ற பணியாளருக்கு வதிவிடச் சட்டத்தின் 18சி பிரிவு தனி வழி வைத்திருக்கிறது. 2023 நவம்பரிலிருந்து அங்கே 3 வருடம் போதும். ஜேர்மனியிலேயே பட்டம் முடித்தவருக்கு 2 வருடம். உங்கள் முதுமாணி இங்கேதான் கைகொடுக்கிறது.

ஆனால் அந்த இரண்டு வருடம் ஒப்பந்தம் தொடங்கிய நாளிலிருந்து ஓடாது. வதிவிட அட்டையில் ‘அன்மேர்குங்கன்’ என்ற குறிப்பில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 18பி (பட்டதாரிப் பணியாளர்) அல்லது 18டி (ஆய்வாளர்) என்றால் அந்த மாதங்கள் சேரும். 16பி என்றால் அது மாணவர் அனுமதி, ஒரு மாதமும் சேராது. புலமைப்பரிசிலில் வந்தவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்: ஒப்பந்தம் கிடைத்தபின்னும் பழைய மாணவர் அட்டையையே காலாவதியாகும் வரை வைத்திருப்பார்கள். உங்களுடையதும் அப்படியென்றால், புதுப்பிக்கும் தவணைக்குக் காத்திராமல் இப்போதே மாற்றக் கேளுங்கள்.

அடுத்தது ஓய்வூதியக் கணக்கு. 2 வருட வழிக்கு 24 மாதப் பங்களிப்பு வேண்டும். டொய்ச்ச ரென்டன்ஃபெர்சிகெருங் என்ற அரச ஓய்வூதியக் காப்புறுதி நிறுவனத்திடம் காப்புறுதி வரலாற்று அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கி, மாதம் மாதமாகச் சரிபாருங்கள். 65 சதவீத வேலையும் முழு மாதமாகவே எண்ணப்படும். புலமைப்பரிசில் வருடம் வெறுமையாக இருக்கும். முதுமாணிக் காலத்தில் மாணவப் பணியாளராக வேலை செய்திருந்தால் பெரும்பாலும் அதற்கும் ஓய்வூதியப் பணம் பிடித்திருப்பார்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். தகப்பன் பெயர் முன்னும் பின்னுமாக மாறி இரண்டு காப்புறுதி எண் விழுந்திருந்தால் மாதங்கள் பிரிந்து கிடக்கும், இணைக்கச் சொல்லுங்கள். ஓரிரு மாதம் குறைந்தால் தன்விருப்பப் பங்களிப்பாகக் கட்டலாம். ஒரு வருடத்துக்கான பணத்தை அடுத்த வருடம் மார்ச் 31 வரை ஏற்பார்கள்.

புளூ கார்ட் உங்களுக்குக் குறுக்கு வழி அல்ல. 2026இல் அதற்கு ஆண்டுச் சம்பளம் 50,700 யூரோ வேண்டும். ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்கும் அண்மையில் பட்டம் பெற்றவர்களுக்கும் 45,934.20 யூரோ. பல்கலைக்கழக ஆய்வாளருக்கான ஈ13 சம்பளத் தரத்தில் முழுநேர வேலை இதைத் தாண்டும், 65 சதவீதம் எட்டாது. கலாநிதிப் பட்டத்தின்பின் முழுநேர வேலை கிடைத்து எடுத்தாலும், பி1 மட்ட (இடைநிலை) ஜேர்மன் மொழியோடு 21 மாதம், ஏ1 (தொடக்க மட்டம்) மட்டும் என்றால் 27 மாதம். 33 மாதம் என்று யாராவது சொன்னால் அது பழைய கணக்கு. கையில் 18டி மாதங்கள் 24 இருப்பவர் புதிதாக 21 எண்ணத் தொடங்குவதில் என்ன லாபம்?

உங்கள் வழிக்கு பி1 கட்டாயம். ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுபவர்கள் கடைசியில் இதில்தான் நின்றுவிடுவார்கள். ஜேர்மனியின் சட்டம், சமூக வாழ்வு பற்றிய ‘லேபன் இன் டொய்ச்லாண்ட்’ தேர்வு சுலபம்: 33 கேள்வி, 60 நிமிடம், 15 சரியென்றால் போதும். 310 கேள்விகளும் முன்கூட்டியே வெளியாகியிருப்பவை.

விண்ணப்பத்தை ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்ட கையோடு கொடுங்கள். தவணை ஒப்பந்தம் தடையில்லை. ஆனால் வருமானம் தொடருமா என்று அலுவலர் பார்ப்பார். இரண்டு மாதத்தில் முடியும் ஒப்பந்தத்தோடு போனால் ‘புதிய ஒப்பந்தத்தோடு வாருங்கள்’ என்பார். கட்டணம் பொதுவாக 113 யூரோ. இருக்கும் அனுமதி முடியும் முன்பே அதன் நீடிப்பையும் சேர்த்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் வரிசையில் நிற்கும்போதே அட்டை காலாவதியாகிவிடும்.

கள ஆய்வு: ஜேர்மனிக்கு வெளியே 6 மாதத்துக்கு மேல் நின்றால் இப்போதைய அனுமதியும் சரி, நிரந்தர வதிவிடமும் சரி, தானாக அற்றுப்போகும். ஒக்டோபரில் போய் மாரி முடிய, தை மாசியில் திரும்பினால் பயமில்லை. குளத்தில் நீர் வற்றும் வரை அளக்க நினைத்தால், பேராசிரியரின் கடிதத்தைக் காட்டி வெளிநாட்டவர் அலுவலகத்தில் நீண்ட தவணையை எழுத்தில் வாங்குங்கள். விமானம் ஏறுவதற்கு முன் வாங்க வேண்டும். ஊரிலிருந்து மின்னஞ்சல் போட்டுக் கேட்கிற காரியம் இல்லை.