16 செல் மின்சார ஆட்டோ பேட்டரியில் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் குறைந்த செலவில் பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: தண்டையார்பேட்டையில் அண்ணன் ஓட்டும் மின்சார ஆட்டோ. 100 ஏஎச் (ஆம்பியர் ஹவர், கொள்ளளவின் அளவு) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் 16, வரிசையாக. மீட்டரில் பாதி சார்ஜ் இருக்கும்போதே மேம்பாலம் ஏறினால் வண்டி அணைந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் மின்னணுப் பலகை) எந்த செல் என்று காட்டாது. அதிகம் செலவில்லாமல் 16 செல்லையும் தனித்தனியாகப் பார்க்க வழி உண்டா? ஆர்டுயினோவில் (நாமே நிரல் எழுதும் சின்ன மின்னணுப் பலகை) செய்யவும் வழி உண்டா?

உண்டு. வியாசர்பாடியில் சின்னதாக பேட்டரி பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் இதே குறையோடு நிறைய வண்டிகள் வந்திருக்கின்றன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மொத்த வோல்டேஜ் ஏன் உண்மையைச் சொல்வதில்லை என்று முதலில் பார்த்துவிடலாம். பாரம் ஏறும்போது 15 செல் 3.2 வோல்ட்டில் நிற்கிறது, ஒன்று மட்டும் 2.4-க்கு விழுகிறது என்று வையுங்கள். மொத்தம் 50.4 வோல்ட். எல்லாம் சரியாக இருந்தால் 51.2. வண்டி மீட்டருக்கு இந்த 0.8 வோல்ட் ஒரு பொருட்டே இல்லை. பிஎம்எஸ் மட்டும் அந்த ஒரு செல்லைப் பார்த்து இணைப்பைத் துண்டிக்கிறது. அது தன் வேலையைத்தான் செய்கிறது, அதைத் திட்டி மாற்றிவிடாதீர்கள்.

நான் தொழில் கற்றது எண்ணூர் பக்கம் ஒரு ஆலையின் பேட்டரி அறையில். 220 வோல்ட்டுக்கு 2 வோல்ட் லெட் ஆசிட் செல்கள் 110 வரிசையாக நிற்கும். தினமும் சில பைலட் செல்களை (மாதிரிக்குத் தேர்ந்தெடுத்தவை) அளப்போம், மாதம் ஒருமுறை எல்லா செல்லையும். ஒரு மல்டிமீட்டர், ஆசிட்டின் அடர்த்தி பார்க்க ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு நீளமான நோட்டு, அவ்வளவுதான் கருவி. அங்கே இருந்த பெரியவர் ஒவ்வொரு முறையும் கேட்பார்: “எழுதினியே, பக்கத்து செல்லைப் பார்த்தியா?” தனி எண்ணுக்கு அர்த்தம் குறைவு, மற்ற செல்களிலிருந்து எது விலகி நிற்கிறது, எப்போது விலகுகிறது என்பதில்தான் விஷயம். எந்தக் கருவியால் அளக்கிறோம் என்பதைவிட எந்த நேரத்தில் அளக்கிறோம் என்பது முக்கியம் என்று இன்றும் நம்புகிறேன்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு இது இன்னும் பொருந்தும். இந்த செல்லின் வோல்டேஜ், சார்ஜின் நடுப்பகுதி முழுக்க 3.2, 3.3 என்று தரை மாதிரி தட்டையாகப் போகும். வண்டி சும்மா நிற்கும்போது மல்டிமீட்டர் வைத்தால் 20 ஏஎச் குறைவான செல்கூட மற்றவற்றோடு சில மில்லிவோல்ட் வித்தியாசத்தில் நல்ல பிள்ளையாக நிற்கும். உண்மை தெரிவது மூன்று நேரங்களில்: சார்ஜ் முடியும் கடைசி பத்து இருபது நிமிடம், பாரத்தோடு மேடு ஏறும்போது, அப்புறம் மின்னோட்டம் நின்ற அந்த நொடி. பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு ஒருமுறை ஏறி இறங்கினால் போதும். பட்டறையில் ஒரு வாரம் பார்த்தாலும் கிடைக்காத விவரம் அதில் கிடைக்கும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக மலிவான வழி, பொம்மை விமானக்காரர்கள் தங்கள் லித்தியம் பேட்டரிக்குப் பயன்படுத்தும் லிப்போ அலாரம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். எட்டு செல் வரை ஒவ்வொன்றின் வோல்டேஜையும் மாற்றி மாற்றிக் காட்டும், எது இறங்கினாலும் கத்தும். உங்களுக்கு இரண்டு வேண்டும். முதல் அலாரம் 1 முதல் 8 வரை, அடுத்தது 9 முதல் 16 வரை. இரண்டாவது அலாரத்தின் நெகட்டிவ் ஒயரை எட்டாவது செல்லின் பாசிட்டிவில் இணையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனியாக டேப் சுற்றுங்கள். அலாரம் அளவு 3.3 வோல்ட்டில் வைத்து வரும். அது வேறு வகை லித்தியத்துக்கு. நம் செல்லுக்கு அப்படியே விட்டால் போட்டதும் கத்த ஆரம்பிக்கும், 2.8-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, இது தனக்கு வேண்டிய மின்சாரத்தை எல்லா செல்லிலிருந்தும் சமமாக எடுக்காது. மாதக்கணக்கில் செருகியே விட்டால் அதுவே செல்களை ஏற்றத்தாழ்வு ஆக்கிவிடும். சோதனை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

16 செல்லுக்கு 17 ஒயர் வரும். ஒவ்வொரு ஒயரிலும் செல் பக்கத்திலேயே அரை ஆம்பியர் ஃபியூஸ் போடாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம். 100 ஏஎச் செல் ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். மெல்லிய ஒயர் அங்கேயே தீப்பிடிக்கும். மோதிரம், ஸ்டீல் வாட்ச், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். கனெக்டரைச் செருகுவதற்கு முன், முதல் ஒயரிலிருந்து ஒவ்வொன்றாக மல்டிமீட்டர் வையுங்கள். 3.2, 6.4, 9.6 என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒரு படி தவறினாலும் செருகாதீர்கள்.

ஆர்டுயினோவில் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எல்லோரும் முதலில் யோசிப்பது ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறைத்து அளப்பது. நானும் செய்து பார்த்தேன், 16 செல்லுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 60 வோல்ட்டை 10 பிட்டில், அதாவது 1024 படிகளாகப் பிரித்து அளந்தால் ஒரு படி கிட்டத்தட்ட 59 மில்லிவோல்ட். மேல் செல்லின் அளவு இரண்டு பெரிய எண்களைக் கழித்து வருவது என்பதால், 1 சதவீத ரெசிஸ்டர்களில் அரை வோல்ட்டுக்கு மேலேயே பிழை வரலாம். இன்னும் நுணுக்கமாக அளக்கும் 16 பிட் ஏடிஎஸ் 1115 சில்லு போட்டு, ஒவ்வொரு செல்லுக்கும் போகும் ரெசிஸ்டர் கிளையையும் மல்டிமீட்டரோடு ஒப்பிட்டுத் திருத்தினால் அளவு தேறும். ஆனால் கசிவு இருக்கிறதே! ஒவ்வொரு கிளையும் 100 கிலோ ஓம் என்றால் அடி செல்லிலிருந்து சுமார் 4.4 மில்லிஆம்பியர் போகும், உச்சி செல்லிலிருந்து 0.5 தான். மாதத்துக்கு 2.8 ஏஎச் வித்தியாசம். கண்காணிக்க வைத்த பொருளே பேக்கைக் கெடுக்கிறது.

எனக்குப் பிடித்தது செல்லுக்கு ஒரு ஏடிடைனி 85, நிரல் எழுதக்கூடிய குட்டிச் சில்லு. அந்தச் சில்லு தான் அளக்கும் செல்லிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், தனக்குள் இருக்கும் 1.1 வோல்ட் ஒப்பீட்டு வோல்டேஜை வைத்துத் தன் செல்லை அளக்கும், 817 ஆப்டோகப்ளர் (மின் இணைப்பில்லாமல் ஒளியால் சேதி அனுப்பும் சில்லு) வழியாக அடுத்ததற்குச் சேதி கடத்தும். 3.2 வோல்ட் அருகே ஒரு படி 9 மில்லிவோல்ட்; பலமுறை அளந்து சராசரி எடுத்தால் நமக்குப் போதும். ரெசிஸ்டர் கிளைகளில் வரும் அந்தச் சமமில்லாத கசிவும் இதில் இல்லை. அந்த 1.1 சில்லுக்குச் சில்லு 1.0 முதல் 1.2 வரை மாறும் என்பதால் ஒவ்வொன்றையும் ஒருமுறை திருத்த வேண்டும், அது பொறுமை வேலை. கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் செய்யுங்கள். அண்ணன் நாளைக்கே சவாரிக்குப் போக வேண்டும் என்றால், ப்ளூடூத்தில் செல் வோல்டேஜ் காட்டும் ஆயத்த பிஎம்எஸ் வாங்குவதே நல்லது. பிக்யூ 76952 மாதிரி ஒரே சில்லு 16 செல்லையும் அளக்கிற காலம் இது.

இனி எண்களைப் படிப்பது. ஒரு செல் பாரத்தில் முதலில் விழுகிறது, சார்ஜிலும் அதுவே முதலில் 3.65-ஐ எட்டுகிறது என்றால் அதன் கொள்ளளவு குறைந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். பாரத்தில் முதலில் விழுகிறது, ஆனால் சார்ஜ் முடியும்போது மற்றவை நிறைந்த பிறகும் பின்தங்கி நிற்கிறது என்றால் செல் நல்ல செல். சார்ஜ் மட்டும் குறைவு. அதை மட்டும் தனியாக 3.65 வோல்ட் வரை சார்ஜ் செய்து சேர்த்தால் சரியாகிவிடும். மூன்றாவது வகை: பாரத்தில் உடனே கீழே, சார்ஜில் உடனே மேலே, மின்னோட்டம் நின்றதும் சட்டென்று மற்றவற்றோடு சமம். இது பெரும்பாலும் பஸ்பார் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) நட்டு தளர்ந்தது. 3 மில்லி ஓம் கூடுதல் தடை, 60 ஆம்பியர் ஓடினால் 180 மில்லிவோல்ட். கறை தேய்த்துத் துடைத்து இறுக்கினால் தீர்ந்தது. இதற்குப் போய் நல்ல செல்லைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்க்கும்போது வயிறு எரியும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு: கடற்காற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நனைந்த பேக்குகள் மாதக்கணக்கில் பட்டறைக்கு வந்துகொண்டே இருந்தன. அப்படி ஒன்றில் மற்ற செல்கள் 3.32 காட்ட, ஏழாவது 3.28, எட்டாவது 3.36. ஒன்று இறங்கிய அளவே பக்கத்தது ஏறியிருந்தால் செல்லைச் சந்தேகப்படாதீர்கள். இரண்டுக்கும் நடுவே பொதுவாக இருக்கும், வோல்டேஜ் அளக்கும் ஒயரின் லக் (ஒயர் நுனியில் உள்ள உலோக வளையம்) பச்சை பூத்திருக்கும். செல்லின் முனையிலேயே நேராக மல்டிமீட்டர் வைத்தால் இரண்டும் 3.32 காட்டும். காசிமேட்டுப் பக்கம் ஓடும் வண்டி என்றால் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை லக்குகளைத் திறந்து பாருங்கள்.

உங்கள் அண்ணனுக்கு எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. மூன்றாவது வகையாக இருந்தால் செலவே இல்லை, அதனால் முதலில் நட்டுகளைப் பாருங்கள். அப்புறம் அலாரம் மாட்டி, மேம்பாலம் ஏறும்போது 16 எண்கள், சார்ஜ் முடியும்போது 16 எண்கள், வண்டி நின்றதும் 16 எண்கள், மூன்று வரிசையாக எழுதிக் கீழே பதிலில் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.