வானொலியில் ஜாஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். லாப நோக்கமில்லாத சிறிய சமுதாய வானொலி ஒன்றில், தன்னார்வலர்கள் நால்வர் சேர்ந்து வாரம் ஒருமுறை இரண்டு மணி நேர ஜாஸ் நிகழ்ச்சி நடத்துகிறோம். மூன்று சிக்கல்கள். டபுள் பேஸ் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய நரம்புக் கருவி) தனியாக வாசிக்கும் இடம் வந்தால், ஒலி நின்றுவிட்டதென்று கருவி முடிவுசெய்து மாற்றுப் பாடலைப் போட்டுவிடுகிறது. ஸ்டுடியோவில் இனிமையாகக் கேட்கும் சிம்பல் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு) ரேடியோவில் கரகரக்கிறது. நீளமான உருப்படிகளைச் செய்தி நேரம் வந்ததும் நடுவில் வெட்ட வேண்டியிருக்கிறது. மூன்று நிமிடப் பாட்டாகப் போடுங்கள் என்கிறார்கள் நிலையத்தில். என்ன செய்யலாம்?

கே.

அன்புள்ள கே.,

மூன்று நிமிடத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் இடம் இருந்தது. அதனால் பதிவுகளும் அதற்குள் அடங்கின. 1948இல் எல்.பி. எனும் நீண்டநேர இசைத்தட்டு வந்து ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்ததும் கலைஞர்கள் நீட்டி வாசித்துப் பதிவு செய்தார்கள். விளம்பர இடைவேளை இல்லாத நிலையம்தான் அந்த நீளத்தை அப்படியே கொடுக்க முடியும். அதை நாமே வெட்டிப்போடுவது பெரிய இழப்பு.

உங்கள் முதல் இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றே. பேச்சுக்கும் பாப் பாட்டுக்கும் பொருத்திவைத்த கருவிகளில் ஜாஸை ஓட்டுகிறீர்கள்.

முதலில் சைலன்ஸ் டிடெக்டர், அதாவது ஒலி நின்றதைக் கண்டறியும் கருவி. −30 டெசிபெல்லுக்குக் கீழே 10 விநாடி இருந்தால் மாற்று ஒலிக்குப் போ என்பதுபோல அதில் வைத்திருப்பார்கள். பேச்சுக்கு அது போதும். குழு முழுதாக வாசிக்கும்போது மீட்டரில் −10ஐத் தொடும் பதிவில், பேஸ் தனி −30க்குக் கீழே இறங்குவது சாதாரணம். எல்லா ஃபேடரையும் (ஒலியளவை ஏற்றி இறக்கும் நழுவிகள்) மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். இரைச்சல் மட்டும் −60இல் நிற்கிறது என்றால் டிடெக்டரை −50க்கும் 30 விநாடிக்கும் மாற்றலாம். இரைச்சலுக்கும் கீழே கொண்டுபோய்விட்டால் உண்மையிலேயே ஒலி நின்றாலும் அது விழித்துக்கொள்ளாது. டிடெக்டருக்கான இணைப்பைப் புராசஸருக்கு (ஒலிபரப்புக்கு முன் ஒலியளவைச் சீராக்கும் கருவி) முன்னாலிருந்து எடுங்கள். பின்னால் எடுத்தால், புராசஸர் தூக்கிவிட்ட இரைச்சலையே அது இசையென்று எண்ணும்.

சிம்பல் கரகரப்புக்குக் காரணம் பெரும்பாலும் பிரீ-எம்ஃபசிஸ். எஃப்.எம். ஒலிபரப்பில் உயர் அதிர்வெண்களை ஏற்றி அனுப்பி, ரேடியோவில் அதே அளவு இறக்குகிறார்கள். இரைச்சலைக் குறைக்கும் உத்தி அது. 50 மைக்ரோவிநாடி முறையில் 15 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 14 டெசிபெல் ஏற்றம். 75 மைக்ரோவிநாடி முறையில் 17. பேச்சில் அந்த உயரத்தில் ஆற்றல் குறைவு என்பதால் யாருக்கும் உறைப்பதில்லை. தாளத்தைத் தொடர்ந்து தட்டும் ரைட் சிம்பலும் மியூட் (ஒலியடக்கி) செருகிய டிரம்பெட்டும் அங்கேதான் வாழ்கின்றன. ஏற்றிய ஒலி, அளவு மீறாமல் அமுக்கும் லிமிட்டரில் முட்டினால் சிம்பல் மழுங்கும். உச்சியை வெட்டிவிடும் கிளிப்பரில் முட்டினால் கரகரக்கும். ஜாஸ் நேரத்துக்கென்று தனி பிரீசெட் (சேமித்துவைத்த அமைப்பு) ஒன்று வையுங்கள்: புராசஸருக்குள் போகும் அளவை 3 டெசிபெல் குறைத்து, கம்ப்ரெஷனை (உரத்த ஒலியை அமுக்குவது) 2:1க்கு மேல் போகாமல் வைத்து, ஒலியளவைத் தானாக ஏற்றி இறக்கும் ஏ.ஜி.சி.யின் வேகத்தை மிக மெதுவாக்குங்கள். மெல்லிய ஒலியை ஏ.ஜி.சி. தூக்காமல் தடுக்கும் கேட்டையும் போட்டுவையுங்கள். கேட் இல்லாவிட்டால் பேஸ் தனியின்போது நரம்பில் விரல் உரசும் ஓசையெல்லாம் மேலே வரும். டிரம்ஸ் திரும்ப நுழையும் கணத்தில் ஒலி சட்டென்று அமுங்கும். அந்த அமுக்கத்தை ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு காதிலிருந்து போகாது.

இவ்வளவும் செய்து கரகரப்பு மாறவில்லையா? புராசஸரிலும் ஒலிபரப்பியிலும் பிரீ-எம்ஃபசிஸ் இரண்டு தடவை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில்தான் இருக்க வேண்டும். சிறு நிலையங்களில் கருவி மாற்றும்போது நேரக்கூடிய தவறு இது.

ஒலிபரப்பு எல்லையின் ஓரத்தில் கேட்பவர்கள் இரைச்சல் என்று சொன்னால், ஸ்டீரியோ என்று ரேடியோவுக்கு உணர்த்தும் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் சமிக்ஞையை அணைத்து மோனோவில் அனுப்பிப் பாருங்கள். பலவீனமான சிக்னலில் ஸ்டீரியோவுக்கு ஏறக்குறைய 20 டெசிபெல் கூடுதல் இரைச்சல். பிரஷ்ஷால் வருடும் டிரம்ஸ் அதில் மூழ்கியே போகும்.

கோப்புகளின் ஒலியளவைச் சமன்படுத்தும்போது ஆல்பத்தை முழுதாக ஓர் அலகாக எடுங்கள். உருப்படிக்கு உருப்படி சமன் செய்தால் மெல்லிய பாலட்டும் (மெதுவான பாட்டு) வேகமான உருப்படியும் ஒரே உரப்பில் வந்து நிற்கும்.

இனி செய்தி நேரம். வெட்டுவதற்கு அவசியமே வராதபடி பின்னிருந்து கணக்கிடுங்கள். செய்திக்கு முந்தைய கடைசி உருப்படியின் நீளம் 5 நிமிடம் 40 விநாடி, அறிவிப்புக்கு 30 விநாடி, செய்தி சரியாக மணி தொடங்கும்போது என்றால், முந்தைய மணியில் 53 நிமிடம் 50 விநாடியில் அது தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ளதை நீட்டவோ குறைக்கவோ பேச்சைப் பயன்படுத்துங்கள். தப்பவே வழியில்லை என்றால் கோரஸ் (மெட்டின் ஒரு முழுச் சுற்று) முடியும் இடத்தில் மட்டும் ஒலியை இறக்குங்கள். 32 பார் (தாளத்தின் ஓர் ஆவர்த்தம்) கொண்ட உருப்படி, பாருக்கு நான்கு அடி, நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஒரு கோரஸ் 64 விநாடி. 240 அடி வேகத்தில் 32 விநாடி. முதல் கோரஸ் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டால் எந்த விநாடியில் ஒரு தனி வாசிப்பு முடியக்கூடும் என்று முன்கூட்டியே தெரியும். ஒரு வாக்கியத்தின் நடுவே ஆளைப் பிடித்து இழுப்பதுபோன்ற வெட்டு நேராது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். யார் யார் வாசித்தார்கள், எந்த ஆண்டுப் பதிவு என்பதை ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் சொல்லுங்கள். கோப்புக்குள் இருக்கும் ஆண்டை நம்ப வேண்டாம். அது மறுவெளியீட்டு ஆண்டாக இருக்கக்கூடும். ஆல்பத்துக்குப் பொதுவான பெயர்ப் பட்டியலும் போதாது. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பம் 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாட்களில் பதிவானது. பியானோ பில் எவன்ஸ். ஆனால் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ ஒன்றில் மட்டும் வின்டன் கெல்லி. அதே தட்டின் முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும், பதிவு எந்திரம் மெதுவாக ஓடியதால், பழைய பிரதிகளில் சுருதி சற்று ஏறி ஒலிக்கும். 1992 மறுவெளியீட்டில்தான் அது திருத்தப்பட்டது. பிறகு வந்த பிரதியைத் தேடி எடுத்துப் போடுங்கள்.

பெயர்களைச் சொல்ல 20 விநாடி போதும். பாலட் முடிந்த கையோடு பேசுவதென்றால், மைக் ஃபேடரை 3 டெசிபெல் இறக்கிவைத்து, சிம்பல் முழுதும் அடங்கிய பிறகு இரண்டு விநாடி விட்டுத் தொடங்குங்கள்.