பிஸ்ட்ரோவில் வைன்: கோப்பைக் கணக்கும் குடுவைக் கணக்கும்

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலைகளில் நானும் மனைவியும் வீட்டருகே உள்ள பிஸ்ட்ரோ எனப்படும் சிறு உணவகத்தில் சாப்பிடுவது வழக்கம். உணவு 45 யூரோதான். ஆனால் ஆளுக்கு இரண்டு கோப்பை வைன் 24, மினரல் வாட்டர் 6, டிப்ஸ் 8 என்று மொத்தம் 83 யூரோ ஆகிவிடுகிறது. மலிவானதைக் கேட்டால் கஞ்சர்கள் என்று நினைப்பார்களோ என்ற கூச்சமும் இருக்கிறது. இந்தப் பழக்கத்தையே விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். வாரத்தில் ஒரு மாலை இருவரும் நிதானமாக உட்கார்ந்து பேசுவதற்குச் செலவிடும் பணத்தை நான் வீண் என்று சொல்லமாட்டேன். உங்கள் பில்லில் உணவைக் குறைக்காமலேயே குறைக்கக்கூடியவை மூன்று இருக்கின்றன. அவற்றுள் பெரியது வைன்.

சமையலறைக்கு ஆள்கூலி அதிகம் என்பதால் உணவில் கிடைக்காத லாபத்தைப் பெரும்பாலான உணவகங்கள் பானங்களில்தான் ஈட்டுகின்றன. போதாததற்கு, உணவுக்கு 10 சதவீதமாக உள்ள டிவிஏ எனும் மதிப்புக்கூட்டு வரி மதுவுக்கு 20 சதவீதம். அதிலும் கோப்பைக் கணக்கில் விற்கும் வைனுக்குத்தான் பொதுவாக விலை மிக அதிகம். திறந்த பாட்டில் விற்காமல் வீணாகும் அபாயத்தையும் அந்த விலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். ஆகவே பட்டியலைப் பார்க்கும்போது விலையோடு அளவையும் சேர்த்துப் படியுங்கள். 12.5 சென்டிலிட்டர் கோப்பை 6 யூரோ என்றால், 75 சென்டிலிட்டர் பாட்டிலுக்கு அது 36 யூரோவாகிறது. அதே இடத்தில் சாதாரண பாட்டில் ஒன்று 27 யூரோவுக்கும், பிஷே எனப்படும் அரை லிட்டர் குடுவை 15 யூரோவுக்கும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரை லிட்டர் என்பது சரியாக உங்கள் நான்கு கோப்பைகள். குடிக்கும் அளவு மாறாமலே 9 யூரோ மிஞ்சுகிறது. ஒருவர் மட்டும் குடிக்கும் நாளில் கால் லிட்டர் குடுவை போதும். நண்பர்களும் சேர்ந்து நால்வராகும்போது பாட்டில் வாங்குங்கள். மீந்ததை எடுத்துச் செல்லக் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 2021 ஜூலை முதல் சட்டமே என்பதால், பணம் கொடுத்துவிட்டோமே என்று மேசையிலேயே குடித்து முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

குடுவையில் வரும் வைனைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் தாங்களே அன்றாடம் கேட்டு வாங்குவது அதைத்தான். பரிமாறுபவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். பாட்டில் வாங்கும் நாளில் புகழ்பெற்ற பெயரைத் தாண்டிப் பாருங்கள். லுவார் பகுதியின் சான்சேர் வெள்ளை வைனுக்குப் பெயரின் விலையும் சேர்ந்தே வருகிறது. அதே சோவின்யோன் திராட்சையில் செய்யப்படும் தூரேன் வைன் கணிசமாக மலிவு. மீன் உணவுக்கு முஸ்காதே, இறைச்சிக்கு கோத் தூ ரோன் அல்லது லாங்கெதோக் பகுதியின் கோர்பியேர் போன்றவை விலைக்கேற்ற நிறைவைத் தருபவை. திருமண நாளில் ஷாம்பெய்ன்தான் வேண்டும் என்பதும் இல்லை: பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைக்கும் அதே முறையில் தயாராவதுதான் க்ரேமான் என்ற நுரைக்கும் வைன்.

தண்ணீர், டிப்ஸ் என்ற மற்ற இரண்டையும் சட்டமே உங்களுக்குத் தீர்த்துவைத்திருக்கிறது. உணவோடு குழாய்த் தண்ணீர்க் குடுவையை இலவசமாகத் தர வேண்டும். அதைக் கேட்கலாம் என்ற அறிவிப்பும் 2022 முதல் உணவகத்தில் இருந்தாக வேண்டும். பட்டியல் விலையிலேயே சேவைக் கட்டணம் அடக்கம் என்பதால் டிப்ஸ் முழுக்க உங்கள் விருப்பம். நன்றாகக் கவனித்தவருக்கு 2 யூரோ வைத்தால் அதுவே மரியாதைதான்.

இப்போது உணவு 45, வைன் 15, டிப்ஸ் 2 என்று பில் 62 யூரோவுக்கு இறங்குகிறது. வாரம் 21 யூரோ மிச்சம். விடுமுறை வாரங்களைக் கழித்து ஆண்டுக்கு 45 வெள்ளிக்கிழமைகள் என்றால் 945 யூரோ. இது கணக்கிலேயே கிடந்தால் வேறு எதிலாவது கரைந்துவிடும். சம்பளம் வந்த மறுநாளே மாதம் 80 யூரோ தானாக லீவ்ரே ஆ சேமிப்புக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் சொல்லிவையுங்கள். அதன் வட்டிக்கு வரி கிடையாது, வேண்டும்போது எடுக்கவும் தடையில்லை.