மென்பொருளே வடிவத்தைக் கொடுத்துவிடும்போது, வளைந்து நெளியும் கண்ணாடிக் கூரைகளில் பொறியாளருக்கு என்ன வேலை மிச்சம்?

கட்டடப் பொறியியல் படித்து முடிக்கும் தறுவாயில், இந்தத் துறைக்கு வரலாமா என்ற தயக்கத்தில் நீங்கள் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் இருந்தபடி வெளிநாட்டுத் திட்டங்களுக்கு எஃகுக் கட்டமைப்பின் விவர வரைபடங்களைத் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். அதனால் இந்தக் கேள்வி என்னைச் சற்றுச் சீண்டிவிட்டது. திரையில் ஒரு பரப்பை இழுத்து வளைப்பது எளிது. அந்தப் பரப்பைத் தட்டையான கண்ணாடிகளாலும் நேரான எஃகுச் சட்டங்களாலும் மூடுவதற்கு வழி காண்பதுதான் வேலை.

லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பெரிய முற்றத்துக் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டர் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்து, பியூரோ ஹப்போல்ட் பொறியாளர்கள் கணக்கிட்டு, 2000-இல் திறக்கப்பட்ட அந்தக் கூரையில் 3,312 முக்கோணக் கண்ணாடிகள் உள்ளன. செவ்வக முற்றத்துக்குள் இருக்கும் வட்ட வாசக மண்டபம் நட்டநடுவில் இல்லாமல் சற்று வடக்கே தள்ளியிருப்பதால், மண்டபத்துக்கும் சுவர்களுக்கும் இடையிலான தூரம் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. செவ்வக விளிம்பையும் வட்ட விளிம்பையும் ஒரே வளைபரப்பாக இணைக்கும் சமன்பாட்டை பாத் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் வில்லியம்ஸ் உருவாக்கினார். அதன் பிறகு, சட்டங்களின் கோடுகள் எங்கும் சட்டென்று முறியாமல் ஓடும்படி அவை சந்திக்கும் கணுக்களைக் கணினியில் நகர்த்தி நகர்த்திச் சீராக்கினார். கணக்குப் போட்டது கணினிதான். ஆனால் கண்ணாடியின் உச்ச அளவு எவ்வளவு, பழைய சுவர்கள் பக்கவாட்டு உந்துதலைத் தாங்குமா என்பவற்றை மனிதர்களே தீர்மானித்தார்கள். தாங்காது என்று முடிவு செய்ததால்தான் கூரையின் வெளிவிளிம்பை நழுவக்கூடிய தாங்கிகளின் மேல் அமர்த்தினார்கள். வெளிநோக்கித் தள்ளும் விசையைக் கூரை தனக்குள்ளேயே அடக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

முக்கோணத்தின் மூன்று முனைகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பதால் எந்த வளைவையும் தட்டையான முக்கோணக் கண்ணாடிகளால் மூடிவிடலாம். ஆனால் ஒவ்வொரு கணுவிலும் ஆறு சட்டங்கள் வந்து சேர்கின்றன. கண்ணாடியை வெட்டுவதிலும் வீணாவது அதிகம். நாற்கோணத்தில் கணுவுக்கு நான்கே சட்டங்கள், உள்ளே வெளிச்சமும் கூடுதல். ஆனால் நான்காவது முனை மற்ற மூன்றின் தளத்தில் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிடுகிறது. ஒரு வளைகோட்டை இன்னொரு வளைகோட்டின் மேல் திசை மாறாமல் நகர்த்திப் பிறக்கும் பரப்பில் இந்தக் கட்டாயம் தானாகவே நிறைவேறும் என்பதை ஜெர்மன் பொறியாளர்கள் யோர்க் ஷ்லைக், ஹான்ஸ் ஷோபர் ஆகியோரின் குழு பயன்படுத்திக்கொண்டது. 1997-இல் முடிந்த பெர்லின் விலங்குக்காட்சிச் சாலையின் நீர்யானைக் கூடம் அதற்குச் சான்று.

எங்களிடம் வந்த வணிக வளாகக் கூரை ஒன்றும் இந்த வகையிலேயே, நாற்கோணக் கண்ணாடிகளோடு தொடங்கியது. கணுக்களின் வரைபடங்கள் பாதிக்கு மேல் முடிந்திருந்த நிலையில், வாசலுக்கு மேலே கூரை இன்னும் எடுப்பாக எழும்ப வேண்டும் என்று கட்டடக் கலைஞரின் அலுவலகம் வளைவை மாற்றி அனுப்பியது. மென்பொருள் எந்த மறுப்பும் இல்லாமல் புதிய வலையைப் பின்னிக் கொடுத்தது. ஒவ்வொரு கண்ணாடியின் நான்காவது முனையும் தளத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று தனியே கணக்கிட்டு வண்ணமிட்டபோது, வளைவு எழும்பும் கழுத்துப் பகுதி முழுவதும் சிவந்துவிட்டது; அதாவது அங்கே விலகல் அளவுக்கு மீறியிருந்தது. சட்டத்தில் வைத்து அழுத்தினால் கண்ணாடி வளைந்து உட்கார்ந்துவிடும் என்று அவர்கள் வாதிட்டார்கள். ஒற்றைக் கண்ணாடியாக இருந்தால் ஓரளவுக்கு அப்படிச் செய்யலாம். அங்கே இருந்ததோ நடுவில் வாயு அடைத்த இரட்டைக் கண்ணாடி. அந்த அளவுக்கு முறுக்கிப் பொருத்தினால் விளிம்பில் இருக்கும் அடைப்பு ஓயாத அழுத்தத்தில் தளர்ந்து, சில ஆண்டுகளில் உள்ளே ஈரம் புகுந்து புகைமூட்டமாகிவிடலாம். கழுத்துப் பகுதியில் மட்டும் நாற்கோணங்களை மூலைவிட்டத்தில் பிரித்து முக்கோணமாக்கலாம் என்று வரைந்து அனுப்பினோம். நெடிய வாதத்துக்குப் பிறகு அதையே கட்டினார்கள். எழும்பிய வளைவு அவர்கள் கேட்டபடியே நிற்கிறது.

இதனால் நான் மென்பொருளுக்கு எதிரி என்றோ, கட்டடக் கலைஞர்களை மட்டம் தட்டுகிறேன் என்றோ யாரும் பின்னூட்டத்தில் வர வேண்டாம். மென்பொருள் இல்லாமல் என்னால் ஒரு கணுவைக்கூடக் குறித்த நேரத்தில் முடிக்க முடியாது; தட்டையான நாற்கோண வலைகளைப் பற்றி வியன்னாவில் ஹெல்முட் பாட்மன் போன்ற கணித அறிஞர்கள் செய்த ஆய்வுகளின் பலனை நாங்கள் நாள்தோறும் அனுபவிக்கிறோம். கேட்ட கேள்விக்குச் சரியான விடை தருவது மென்பொருளின் வேலை; எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்திருப்பது பொறியாளரின் வேலை.

என் மனத்தாங்கல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய கூரையைப் பற்றி எழுதும் பத்திரிகைகள் கட்டடக் கலைஞரின் பெயரைத் தலைப்பில் இடுகின்றன, பொறியியல் நிறுவனத்தை ஒரு வரியில் சொல்கின்றன, அத்தோடு முடித்துக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு கோணத்தில் இருக்கும் கணுக்களை, சூட்டில் எஃகு இழுத்துக்கொள்ளும் அளவை முன்கூட்டியே கணித்து, பிசகாமல் பற்றவைத்த வெல்டர்களின் பெயர் எந்த நூலிலும் இடம்பெற்று நான் பார்த்ததில்லை. அவர்களுடைய கை பிசகினால், எங்கள் கோப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் சட்டம் சாரத்தின் மேல் பொருந்தாது.

நீங்கள் வருவதாக இருந்தால் தாராளமாக வாருங்கள். மென்பொருளை வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம். கல்லூரியில் இருக்கும்போதே வளைபரப்புகளின் கணிதமான வகையீட்டு வடிவியலை ஒழுங்காகப் படியுங்கள், விடுமுறையில் ஏதாவது ஓர் எஃகுப் பட்டறையில் வெல்டர் ஒருவரின் பக்கத்தில் நின்று அவர் வேலையைப் பாருங்கள்.