16எஸ் 98.1% என்றால் புது இனமா?

கேள்வி: மலமாதிரியிலிருந்து ஆக்சிஜன் இல்லாத சூழலில் ஒரு பாக்டீரியாவை வளர்த்தேன். பாக்டீரியாக்களை அடையாளம் காண உதவும் அதன் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவை, வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் (BLAST) தேடலில் போட்டால் அதிகபட்ச ஒற்றுமை 98.1%. இதைப் புது சிற்றினம் என்று அறிவிக்கலாமா? (முதுகலை நுண்ணுயிரியல் மாணவி)

பதில்: வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த 98.1% எதனோடு ஒப்பிட்டு வந்தது என்று முதலில் பாருங்கள். பிளாஸ்டில் மேலே வந்து நிற்பது 'வளர்க்கப்படாத பாக்டீரியா' என்ற பதிவாக இருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஒப்பீடு டைப் ஸ்ட்ரெயினோடுதான் நடக்க வேண்டும். அதாவது, அந்தச் சிற்றினத்துக்குப் பெயர் வைத்தபோது அடையாளமாகக் கொடுத்த மூல வளர்ப்போடு. டைப் ஸ்ட்ரெயின்களின் வரிசைகளோடு ஒப்பிட உதவும் ஈஸ்பயோகிளவுட் (EzBioCloud) தளம் இதைச் சுலபமாக்கிவிடும்.

அப்புறம், வரிசையின் நீளம். 16எஸ் மரபணு ஏறத்தாழ 1,500 காரங்கள் (டிஎன்ஏ எழுத்துகள்) கொண்டது. ஒரே பிரைமரில் (வரிசை படிப்பதைத் தொடங்கி வைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) கிடைத்த 700 காரத் துண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். வரிசை படித்த கருவி தரும் சிகர வரைபடமான குரோமட்டோகிராமையும் திறந்து பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால், உங்கள் தட்டில் இரண்டு பாக்டீரியா கலந்திருக்கக்கூடும். குடல் பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று சார்ந்து வளர்பவை. ஒற்றைக் காலனி என்று நாம் நம்புவது பல நேரம் கூட்டுக்குடும்பம். மறுபடி ஸ்ட்ரீக் செய்து (புதுத் தட்டில் கோடிழுத்துப் பரப்பி) தூய்மையாக்குங்கள்.

முழு வரிசையிலும் ஒற்றுமை, சிற்றினங்களைப் பிரிக்க வழக்கமாகப் பயன்படும் எல்லையான 98.7%-க்குக் கீழேதான் என்றால், மரபணுத்தொகையை (முழு ஜீனோமை) படிக்கச் செலவு செய்யலாம். தீர்ப்பு அங்கேதான். நெருங்கிய டைப் ஸ்ட்ரெயின்களோடு ஏஎன்ஐ (ANI, இரு ஜீனோம்களின் சராசரி வரிசை ஒற்றுமை) 95–96%-க்கும், டிஜிட்டல் டிடிஹெச் (dDDH, இரு டிஎன்ஏக்கள் ஒன்றோடொன்று இணையும் அளவைக் கணினியில் கணிப்பது) 70%-க்கும் கீழே இருக்க வேண்டும். 98.7%-ஐத் தாண்டினாலும் கதை முடிந்துவிடாது: எஸ்செரிச்சியா கோலையும் எஸ்செரிச்சியா பெர்குசோனியும் 16எஸ்-இல் 99%-க்கு மேல் ஒத்தவை, ஆனாலும் தனித்தனிச் சிற்றினங்கள்.

எண்கள் மட்டும் போதாது. அது என்ன தின்கிறது, எப்படி வாழ்கிறது என்றும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தின் வாகனிங்கனில் கண்டறிந்து 2004-இல் பெயரிட்ட அக்கர்மான்சியா மியூசினிபிலா இதற்கு நல்ல முன்மாதிரி. இரைப்பைச் சளியிலுள்ள மியூசின் என்ற புரதத்தை மட்டுமே உணவாகக் கொடுத்து அதைப் பிரித்தார்கள். அறியப்பட்ட உறவினரோடு 16எஸ் ஒற்றுமை சுமார் 92%தான் என்பதால் பேரினமே புதிது.

அதன் டைப் ஸ்ட்ரெயின் அமெரிக்காவின் ஏடிசிசி (ATCC), பிரான்சின் சிஐபி (CIP) ஆகிய நுண்ணுயிர் சேமிப்பகங்களில் இருக்கிறது. பெயர் செல்லுபடியாக, இப்படி இரண்டு நாடுகளின் வளர்ப்பு சேமிப்பகங்களில் ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். பலரும் சிக்குவது இந்த இடத்தில்தான். ஆக்சிஜன் பட்டால் சாகும் உயிர், அனுப்பும் வழியிலேயே செத்துப்போனால் கட்டுரையும் நின்றுவிடும். ஆகவே மரபணு முடிவு கைக்கு வந்ததுமே சேமிப்பகங்களுக்கு எழுதிவிடுங்கள். கிளிசராலில் போட்டு மைனஸ் 80 டிகிரியில் சில குப்பிகளையும் எடுத்து வையுங்கள்.